இரண்டடி ஏழு அங்குலம்

எனக்குச் சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. இருப்பது ஒரே ஒரு வியாதி. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டால் தொண்டைக்குள் நமநமவென்று ஏதோ ஊரும். திருத்திச் சொன்னால்தான் அடங்கும். இதற்கு மருந்து கிடையாது, பத்தியம் மட்டும் உண்டு: வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதை நான் ஒருநாளும் இருந்ததில்லை.

பழியை உத்தியோகத்தின் மேல் போடலாம். முப்பத்திரண்டு வருஷம் தணிக்கைப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதற்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்து என்னைக் கெடுத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, சேவை நிற்கவில்லை.

ஒரு மே மாதம், அக்கினி நட்சத்திரம். வேளச்சேரி–தாம்பரம் சாலையோரத்து டீக்கடை. "சூரியன் பூமிக்கு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு சார், அதான் இப்படிக் காய்ச்சுது" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். வெயிலில் வெந்துபோன மனிதர், ஆறுதலுக்கு ஏதோ சொல்கிறார். "ஆமாம் சார்" என்றிருந்தால் இருவருக்கும் நிம்மதி. நான் ஆரம்பித்தேன். "கிட்ட வர்றது ஜனவரி முதல் வாரத்துல சார். அப்போ ஏறக்குறைய 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்துல 15 கோடியே 20 லட்சம். மே மாசத்துல நாம சூரியனை விட்டு விலகிப் போய்க்கிட்டிருக்கோம்."

"அப்போ மார்கழியில ஏன் சார் குல்லா போட்டுக்கிறோம்?"

நியாயமான கேள்வி. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வால்தான் வெயிலும் குளிரும் என்பதை, கையிலிருந்த டீ கிளாசைச் சாய்த்து விளக்கினேன். பூமி சாய்ந்தால் கடல் கொட்டுவதில்லை. டீ கொட்டும். அவருடைய வேட்டி வெள்ளை வேட்டி.

இன்னொரு சமயம், உறவுக்கூட்டம் இருபது பேராக வேன் பிடித்துத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தோம். "இந்த விமானத்தோட நிழல் தரையிலேயே விழாது. அந்தக் காலத்து மூளை!" என்று எங்கள் பெரியப்பா விளக்கிக்கொண்டிருந்தார். மாலை நாலரை மணி. வெயில் தாங்காமல் இருபது பேரும் ஒதுங்கி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த இடமே விமானத்தின் நிழல்தான். "பெரியப்பா, நாம எதுல நிக்கிறோம்னு கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றேன். இருபது பேரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். இருநூறு அடிக்கு மேல் கல்லை அடுக்கி 1010-இல் கோயிலை முடித்த ராஜராஜனுக்கு அந்தப் பெருமை போதாதா, நிழலை வேறு ஒளித்துவைக்க வேண்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பும்போது எனக்குக் கிடைத்தது வேனின் கடைசி இருக்கை, சக்கரத்துக்கு நேர் மேலே.

சம்பந்தி வீட்டிலாவது சும்மா இருந்திருக்கலாம். சிதம்பரத்தில் நடராஜர் சன்னிதி இருக்கும் இடம் உலகத்துக் காந்தப்புலக் கோட்டின் நடுப்புள்ளி என்று அவர் பக்தியோடு சொன்னார். பூமியைச் சுற்றி வரும் கோட்டுக்கு நடுப்புள்ளி எங்கிருந்து வரும்? "காந்த நடுக்கோடு தெற்கே திருவனந்தபுரம் பக்கம் போகுது சம்பந்தி. அதனாலதான் ராக்கெட் விட தும்பாவைத் தேடிப் புடிச்சாங்க. முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21" என்றேன். தேதியைக்கூட விடவில்லை பாருங்கள். அவர் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அடுத்த தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து வந்த பலகாரத்தில் முந்திரியைத் தேட வேண்டியிருந்தது. நடராஜருக்கு எந்தக் கோடும் தேவையில்லை, அவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். கோட்டைத் தாண்டியது நான்தான்.

எழுத்துப் பிழை என்றால் நமநமப்பு இன்னும் அதிகம். எங்கள் அடுக்ககச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்து, "சுவற்றில் எழுதாதீர்கள்" என்று எழுதிவைத்தார்கள். கிணறு என்றால் கிணற்றில், ஆறு என்றால் ஆற்றில். சுவர் அப்படியா? 'ர்' என்று முடிகிறது. சுவரில் என்றுதான் வர வேண்டும். பதினைந்து நாள் பொறுத்தேன். பதினாறாம் நாள் இரவு பத்து மணிக்குக் கரிக்கட்டியோடு இறங்கிப்போய் 'ற்றி'யை அடித்து மேலே 'ரி' போட்டேன். முதுகில் டார்ச் வெளிச்சம் விழுந்தது.

"சார், எழுதாதீங்கன்னு எழுதியிருக்கே, படிக்கலையா?" என்றார் காவலாளி.

"படிச்சதாலதாம்ப்பா வந்தேன்."

மறுபடி வெள்ளையடிக்க அறுநூறு ரூபாய் என் தலையில் விழுந்தது. ரசீதில் காரணம் எழுதியிருந்தார்கள்: 'சுவற்றில் எழுதியதற்காக.'

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது உலக்கை. 2019 டிசம்பர் 26, சூரிய கிரகணம். மாமியார் வெண்கலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தினார். நின்றது. "கிரகணம் புடிச்சிருக்கிற வரைக்கும் நிக்கும், விட்டதும் விழுந்துடும்" என்றார். அடியில் தட்டையான இரும்புப் பூண் இருக்கிறது, எந்த நாளில் பொறுமையாக நிறுத்தினாலும் நிற்கும் என்பது என் கட்சி. நிரூபிக்க அடுத்த செவ்வாய்க்கிழமையைக் குறித்தேன். கிரகணம் இல்லை, அமாவாசைகூட இல்லை. குடும்பம் முழுக்கக் கூடியது. பத்து நிமிஷப் போராட்டத்துக்குப் பிறகு உலக்கை நின்றது! "பார்த்தீங்களா!" என்று கையை விரித்தேன். அந்தக் கை உலக்கையில் பட்டது. கூடத்து டைல்ஸ் இரண்டு தெறித்தன.

"அன்னிக்கு விழாதது இன்னிக்கு விழுந்துது பாருங்க. கிரகணத்துக்கு ஒரு சக்தி இருக்கத்தான் செய்யுது" என்றார் மாமியார். விஞ்ஞானம் எங்கள் வீட்டை விட்டு வெளியேறிய நாள் அது.

அன்று ராத்திரி மனைவியிடம் என் பரம்பரைப் பெருமையைச் சொல்லித் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். குற்றம் சொல்வது தமிழனின் தொன்மையான தொழில். சிவபெருமானின் பாட்டிலேயே பிழை கண்டவர் நக்கீரர்.

"அப்புறம் பொற்றாமரைக் குளத்துல விழுந்தது யாரு?" என்றாள்.

சரி, மணிமேகலை எழுதிய சீத்தலைச் சாத்தனாரை எடுத்துக்கொள். பிறர் செய்யுளில் பிழையைக் கண்டால் பொறுக்கமாட்டாமல் எழுத்தாணியால் குத்திக்கொள்வாராம். குத்திக் குத்தித் தலையே புண்ணாகிச் சீழ் வைத்ததால் சீத்தலை என்று பேர் வந்ததாம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தொண்டை நமநமத்தது. "ஆனா அந்தக் கதை தப்பு. சீத்தலைங்கிறது ஊர்ப் பேருன்னுதான் ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க" என்று என் கதையை நானே திருத்தினேன்.

அவள் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "கதை தப்போ சரியோ, அந்த மனுஷன் தன் தலையில குத்திக்கிட்டாரு. நீங்க எங்க தலையில குத்துறீங்க."

தணிக்கைக்காரனுக்கும் ஒருநாள் தணிக்கை வரும். எனக்கு அது சைக்கிளில் வந்தது. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்த சமயம். காலை நடையில் கூட வருகிற நண்பர், "யாருங்க இந்த ராம் சார்? ஐஏஎஸ்ஸா?" என்று கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. "அது ஆள் இல்லைங்க, ஊரு. ஈரான்ல காஸ்பியன் கடலோரம் இருக்கு. ஈரநிலங்களைக் காப்பாத்த 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி அங்கதான் ஒப்பந்தம் போட்டாங்க." தூரத்தில் தெரிந்த பூநாரைகளைக் காட்டி, "எல்லாம் சைபீரியாவுல இருந்து வந்ததுதானே?" என்றார். "இல்லவே இல்லை. அதுங்க குஞ்சு பொரிக்கிற இடம் நம்ம குஜராத், கட்ச் பாலைவனத்து உப்புச் சேறு." அவர் வாயைப் பிளந்தார். அந்த மயக்கத்தில் ஒரு படி கூட ஏறிவிட்டேன். "தமிழ்நாட்டுக்கே முதல் ராம்சர் நிலம் நம்ம பள்ளிக்கரணைதான்!"

பக்கத்தில் சைக்கிளை நிறுத்திப் பறவை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். "இல்ல தாத்தா, கோடியக்கரைதான் ஃபர்ஸ்ட். 2002-லயே வாங்கிடுச்சு. நம்மகூட வாங்கினது பிச்சாவரம், கரிக்கிலி."

முகம் சூடாவதை உணர்ந்தேன். எத்தனையோ பேருக்கு நான் கொடுத்திருக்கிற சூடு. உடனே என்ன சொன்னேன் தெரியுமா? "நான் சொன்னது சென்னை வட்டாரத்துல முதல்னு." அது பொய். என்னால் திருத்தப்பட்டவர்கள் எல்லாம் இப்படித்தான் என்னிடம் சமாளித்தார்கள்; அப்போதெல்லாம் நான் விட்டதில்லை. அந்தப் பெண் விட்டுவிட்டாள். "ஓ, சரி தாத்தா" என்று சிரித்துவிட்டுப் போனாள். முப்பத்திரண்டு வருஷ அனுபவஸ்தனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது: எதை விடுவது என்பது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எதைப் பிடிப்பது என்பதுதான். அதிலாவது நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். அந்தக் கணக்கையும் கடைசியாகத் தணிக்கை செய்துவிடுகிறேன்.

பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-இல். மறு வருஷம் நான் இங்கே வீடு பார்க்க வந்தேன். தரகர் கையை வீசிக் காட்டினார். "மேட்டு எடம் சார். எவ்ளோ மழை பேஞ்சாலும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது."

அவர் காட்டிய திசையில் கோரையும் தண்ணீரும் தெரிந்தன. நீர்க்கோழி ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. தென்சென்னையின் முப்பதுக்குக் குறையாத ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் வந்து சேருகிற இடம் இந்தச் சதுப்பு. இங்கிருந்து அது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். வருகிற வழிகள் பல, போகிற வழி குறுகல். பள்ளிக்கூடப் புவியியல் போதும் இதைப் புரிந்துகொள்ள. ஆனால் விலை கட்டுப்படியாகியது, பால்கனியில் காற்று வந்தது. தொண்டை நமநமக்கவில்லை. "அப்படிங்களா, ரொம்ப நல்லது" என்றேன்.

சூரியன் எவ்வளவு தூரத்தில் இருந்தால் எனக்கென்ன? நிழல் எங்கே விழுந்தால் என்ன? காசு போகாத தப்பையெல்லாம் துரத்தித் துரத்தித் திருத்தியவன், ஆயுள் சேமிப்பு முழுவதும் போகிற தப்புக்குத் தலையாட்டினேன். காரணம் ஒன்றுதான்: அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கே ஆசை. பெரியப்பாவுக்கு நிழல் மேல் இருந்த ஆசையைவிட அது எந்த விதத்தில் உசத்தி?

பத்திரப் பதிவன்று நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிரயப் பத்திரத்தில் 'பள்ளிகரணை' என்று அடித்திருந்தார்கள். 'க்' இல்லை. ஒற்று மிகும் என்று வாதாடி, அந்தப் பக்கத்தைத் திரும்ப அடிக்கவைத்து, பிழையில்லாத பத்திரத்தில்தான் கையெழுத்துப் போட்டேன்.

2015 டிசம்பரில் தண்ணீர் தெருவோடு நின்றது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, கீழ்த்தளத்துக்குள் வந்தது. கார், ஸ்கூட்டர், மோட்டார், மீட்டர் பெட்டி எல்லாம் உள்ளே. மூன்றாம் நாள் வடிந்த பிறகு எல்லோரும் இறங்கிப் போய் நின்றோம். தூணில் பழுப்பாக ஒரு கோடு. "மூணு அடி தண்ணி!" என்று இரண்டாம் மாடிக்காரர் தலையில் கைவைத்தார்.

நான் மாடிக்குப் போய் அளவு நாடா எடுத்துக்கொண்டு வந்தேன். மனைவி படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டடி ஏழு அங்குலம்.