வெள்ளாவி வைத்த பணம்

முதலில் டென்மார்க்குக்கு ஒரு கும்பிடு. ஊழல் குறைந்த நாடுகளின் உலகப் பட்டியலில் 2018ஆம் ஆண்டு அதற்குத்தான் முதலிடம்; நூற்றுக்கு 88 மார்க். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியோடு காபிக்கடை வாசலில் விட்டுவிட்டு, தாய் உள்ளே நிம்மதியாகக் காபி குடிக்கிற நாடு அது. ஒருவரையொருவர் அவ்வளவு நம்புகிறார்கள்.

அதே நம்பிக்கையோடுதான் அந்நாட்டின் மிகப் பெரிய வங்கியான டான்ஸ்கே, எஸ்தோனியாவில் ஒரு கிளையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தது. 2007 முதல் 2015 வரை அந்தக் கிளை வழியாகப் போன வெளிநாட்டார் பணம் ஏறக்குறைய 20,000 கோடி யூரோ. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று 2018 செப்டம்பரில் வங்கியின் சொந்த விசாரணையே ஒப்புக்கொண்டது. ரஷ்யாவிலிருந்தும் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் அழுக்கு மூட்டைகள் வந்தன. எஸ்தோனியத் தலைநகர் தாலினில் வெள்ளாவி வைத்தார்கள். மடிப்புக் கலையாமல் டாலராக வெளியே போனது.

தெரியாமல் நடந்தது என்கிறீர்களா? ரஷ்ய மத்திய வங்கி 2007லேயே எச்சரித்தது. கிளையின் கணினியைத் தலைமையகக் கணினியோடு இணைக்கும் திட்டம் இருந்தது; செலவு அதிகம் என்று கைவிட்டார்கள். ஆவணங்கள் பலவும் எஸ்தோனிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் கிடந்தன. படிக்கத் தெரியாத கடிதத்தில் கெட்ட சேதி எப்படி இருக்கும்? லாபக் கணக்கு மட்டும் எல்லோருக்கும் புரிகிற மொழியில் வந்தது. வங்கியின் சொத்தில் சுமார் அரை சதவீதமே தேறிய கிளை, 2011இல் மொத்த லாபத்தில் 11 சதவீதத்தைக் கொட்டியது. பொன்முட்டையிடும் வாத்திடம் யார் அடையாள அட்டை கேட்பார்கள்?

என் பெரியம்மாவிடம் கேட்பார்கள். பென்ஷன் கணக்குக்கு கேஒய்சி புதுப்பிக்க மூன்று முறை நடந்தார். கையெழுத்து நடுங்குகிறது, பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லையாம்.

எஸ்தோனியக் கிளையில் வேலை பார்த்த ஹோவர்ட் வில்கின்சன் பிரிட்டிஷ்காரர். லண்டன் பதிவேட்டில் 'இயக்கம் இல்லை' என்று கணக்குக் காட்டியிருந்த ஒரு நிறுவனம், தங்கள் கிளையில் பணமழை பொழிந்துகொண்டிருப்பதைக் கவனித்தார். தெரிந்தே குற்றவாளிகளோடு தொழில் செய்கிறோம் என்று தலைப்பிட்டே 2013 டிசம்பரில் மேலிடத்துக்கு எழுதினார். சில மாதங்களில் வேலையை விட்டார். கூடவே வாய் திறக்கக் கூடாதென்று ஓர் ஒப்பந்தம்.

டென்மார்க்கின் நிதிக் கண்காணிப்பு அமைப்பு என்ன செய்தது? டான்ஸ்கேயின் நிதித் தலைவராக இருந்தவரே பிறகு அந்த அமைப்பின் வாரியத் தலைவர் ஆகியிருந்தார். வேலிக்கு ஓணான் சாட்சி. குற்றமென்ன இதில்? சின்ன நாடு, எல்லோரும் தெரிந்தவர்கள், எல்லோரும் நல்லவர்கள். நல்லவரை நல்லவர் சந்தேகிப்பது அங்கே பண்பாடு அல்ல. அந்தப் பண்பாட்டைத்தான் கள்ளப்பணக்காரன் கட்டணம் கட்டி வாங்கினான். திருட்டு ஊர் முத்திரை குத்திய ரூபிளை யார் தொடுவார்கள்? டேனிஷ் முத்திரை என்றால் நியூயார்க்கே கதவைத் திறக்கும்.

அந்த ஊழல் பட்டியலோ அரசு ஊழியர் கை நீட்டுகிறாரா என்று பார்க்கிறது. வங்கி வாய் பிளந்திருப்பது அதன் பாடத்திட்டத்தில் இல்லை.

2021இல் வங்கியின் முன்னாள் தலைமை நிர்வாகி மீதான குற்றச்சாட்டை டென்மார்க் கைவிட்டது. 2022 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 200 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அந்த ஆண்டுப் பட்டியலிலும் டென்மார்க்குக்கே முதலிடம். மார்க் இரண்டு கூடி 90 ஆகியிருந்தது.