ஒரிஜினல் டூப்ளிகேட்

பழைய கார்ப் பிரியரைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டாம். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் இவர் காந்தம் வைத்திருப்பார். யாராவது, "செகண்ட் ஹேண்டில் ஒரு வண்டி எடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டால் போதும், வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே காந்தம் கதவின் அடிப்பக்கம் போய்விடும். ஒட்டினால் தகடு. நழுவினால் உள்ளே பட்டி. அதன் பிறகு அந்த நண்பர் இவரை வீட்டுப் பக்கம் கூப்பிடுவதில்லை.

இந்த இனத்தில் பல கிளைகள் உண்டு. அம்பாசடரைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் ஒரு கிளை. உத்தரபாரா தொழிற்சாலையில் 2014 வரைக்கும் அது தயாரானதால், இவர்களுக்கு அழுவதற்குக் காரணம் கொஞ்சம் குறைவு. பிரீமியர் பத்மினிக்காரர்கள் இன்னொரு கிளை. துயரத்தில் எல்லோருக்கும் மூத்தவர் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்காரர். ஹெரால்டு, பிரிட்டனில் டிரையம்ப் என்ற பெயரோடு பிறந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி. 948 சிசி எஞ்சின். 1961-லிருந்து நம்ம ஊரிலேயே, வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் இதைச் செய்தது. முன்பக்கம் முழுவதையும் ஒரே மூடியாகத் தூக்கலாம். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் கை வைக்கலாம். அந்த வசதிக்கு மயங்கித்தான் பலர் இதை வாங்கினார்கள். அந்த வசதி அடிக்கடி தேவைப்படும் என்பது பிறகுதான் தெரிந்தது.

1971-இல் ஹெரால்டு நின்றது. அதற்கு அடுத்த கேசலும் போயிற்று. அந்தப் பெயரில் கடைசியாக வந்த ஸ்டாண்டர்டு 2000-மும் 1980-களைத் தாண்டவில்லை. கார் போய்விட்டது, கம்பெனி போய்விட்டது, பாகங்கள் மட்டும் இன்னும் 'புத்தம் புதிதாக' வந்துகொண்டே இருக்கின்றன. நம்மவருடைய வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

துருவைப் பற்றி அவருக்குப் புகார் கிடையாது. ஐம்பது வருஷம் மழையில் நின்ற இரும்பு வேறென்ன செய்யும், அது நியாயமானது என்பார். செலவைப் பற்றியும் புகார் கிடையாது. அது மனைவியின் இலாகா. அவருடைய ஆத்திரமெல்லாம் பளபளக்கும் உறையில், ஹோலோகிராம் ஸ்டிக்கரோடு, எண்ணெய் மினுமினுக்க வந்து இறங்குகிற புது பாகங்கள் மேல்தான்.

சென்னை ஜி.பி. ரோட்டில் சனிக்கிழமை காலை அவரைப் பார்க்கலாம்.

"ரோட்டார் இருக்காப்பா?"

"இருக்கு சார். ஒரிஜினல் டூப்ளிகேட் தரட்டுமா, சும்மா டூப்ளிகேட் போதுமா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒரிஜினல் டூப்ளிகேட் அட்டைப்பெட்டில வரும் சார்."

"தாங்குமா?"

"இத்தனை வருஷமா விக்கிறோம். வாங்கிட்டுப் போன ஒருத்தர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

"எப்படிய்யா வருவாங்க? வண்டி ஓடினாத்தானே வரமுடியும்!"

கடைக்காரர் மனம்விட்டுச் சிரிப்பார். பில் மட்டும் போடமாட்டார்.

ரோட்டார் என்பது டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் சுழல்கிற, கட்டைவிரல் அளவுள்ள சின்னத் துண்டு. காயிலிலிருந்து பல ஆயிரம் வோல்ட் அதன் தலையிலுள்ள பித்தளைத் தகட்டுக்கு வரும். எந்த சிலிண்டரின் முறையோ அந்த பிளக்குக்குப் போய்ப் பொறியாகும். மலிவான நகல்களில் அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் கொஞ்சம் நீளமாக இருக்கும். சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக்கில் கரி கொஞ்சம் தாராளமாக இருக்கும். மின்சாரம் இயல்பிலேயே சோம்பேறி. பிளக் வரைக்கும் யார் போவது என்று ரிவெட்டின் நுனியிலிருந்து பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு, நேர் கீழே இருக்கும் தண்டில் இறங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால், குடும்பத்தோடு போகும்போதுதான் இறங்கும். பெட்ரோல் வருகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, பாயின்ட் இடைவெளி சரியாக ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. வண்டி மட்டும் கிளம்பாது. ரோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே பளிச்சென்று இருக்கும். துளை ஊசிமுனை அளவுகூட இருக்காது. அதைத் தேடுவதற்காகவே அவர் வாட்ச் ரிப்பேர்க்காரரின் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.

பிரிட்டிஷ் பழங்கார் வைத்திருக்கும் எல்லா நாட்டுக்காரர்களும் பட்ட பாடுதான் இது. கடைசியில் இங்கிலாந்தில் ரிவெட்டே இல்லாமல், சிவப்பு நிறத்தில் ஒரு ரோட்டார் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து லண்டன் சொந்தக்காரர்கள் ஊருக்கு வரும்போது வீட்டில் எல்லோரும் சாக்லேட் கேட்பார்கள், இவர் சிவப்பு ரோட்டார் கேட்பார். இந்த ஆசை ஜி.பி. ரோட்டுக்கும் எட்டிவிட்டது. "சிவப்புதானே சார் வேணும்? நம்மகிட்டயே வந்திருக்கு" என்று எடுத்துக் கொடுத்தார்கள். ஆசையாய்த் திருப்பிப் பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது. நடுவில் ரிவெட்டும் இருந்தது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்பதில் நம்மவருக்கே குழப்பம் உண்டு. பாகம் செய்கிற சின்னப் பட்டறைக்காரரிடம் கம்பெனி வரைபடம் கிடையாது. யாரோ கொண்டுவந்த மாதிரியை அளந்து செய்கிறார். அந்த மாதிரி வண்டியிலிருந்து கழற்றியது; தேய்ந்துபோனதால்தானே கழற்றினார்கள்? தேய்மானத்தையும் சேர்த்து அளந்து, சிரத்தையாகக் கடைந்து, முலாம் பூசி அனுப்புகிறார். புதுப் பாகம் பிறக்கும்போதே ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய களைப்போடு பிறக்கிறது. அடுத்த பட்டறைக்காரருக்கு இதுதான் மாதிரி. அவர் கைக்குப் போய்வந்த பாகம் எந்த வண்டிக்கும் சேராது. ஆனால் பெட்டியில் 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று போட்டிருக்கும்.

இத்தனைக்கும் இது பாகம் செய்யத் தெரியாத ஊரா? சென்னையிலிருக்கும் சுந்தரம் பாஸ்டனர்ஸ் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. அதே சென்னையில் ஹெரால்டுக்காரர் ஆவியை ஒழுங்காகப் பிடித்துவைக்கும் ஒரே ஒரு ரேடியேட்டர் மூடிக்காகத் தெருத் தெருவாக அலைகிறார். பெரிய தொழிற்சாலைக்கு லட்சக்கணக்கில் ஆர்டர் வேண்டும். இவருக்கு வேண்டியது ஒன்று. நண்பர்களுக்கும் சேர்த்துச் சொன்னால் நான்கு. நான்குக்கு எவன் அச்சுப் போடுவான்?

சில விஷயங்களில் ஏமாந்தால் வண்டி நிற்பதோடு போய்விடும். ட்ரன்னியன் அப்படியல்ல. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் என்கிற பித்தளை வார்ப்புக்குள் முறுகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில்தான் கொடுக்க வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்திலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் கிரீஸ் கன் கையிலிருக்கும்போது ஆயிலை யார் தேடுவது? கிரீஸை அடித்து அனுப்பினார்கள். கிரீஸ் உள்ளே போய்ச் சேராது. மரை காய்ந்து, தண்ணீர் புகுந்து, துரு பிடித்து, தண்டு ஒருநாள் ஒடியும். சக்கரம் பக்கவாட்டில் மடங்கி, வண்டி நடுரோட்டில் மண்டியிடும். ஆகவே இந்தச் சாமான் வாங்கும்போது அவர் முகத்தில் விளையாட்டு இருக்காது. மஞ்சளாக மின்னிய ஒன்றைக் கடைக்காரர் எடுத்துவைத்தார். "சுத்த பித்தளை சார்." நம்மவர் பதில் பேசாமல் காந்தத்தைக் காட்டினார். டக்கென்று ஒட்டியது.

கடைக்காரர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "பாத்தீங்களா சார், காந்த சக்தியுள்ள பித்தளை!"

பாகங்கள் கதை இப்படி. கருவிகள் கதை தனி. ஹெரால்டின் நட்டுகள் அங்குலக் கணக்கு. தெருவில் கிடைக்கும் பானாக்களோ மில்லிமீட்டர் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் போகும், கொஞ்சம் ஆடும். 7/16 என்றால் 11.1, 11 நுழையாது, 12 போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கி மொட்டையாகும். மொட்டையான நட்டைக் கழற்ற அதன் தலையில் இன்னொரு நட்டை வெல்டிங் வைக்க வேண்டும். பதினைந்து நிமிஷ வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போவது இப்படித்தான்.

சரி, அங்குலக் கணக்கிலேயே வாங்கிவிடலாம் என்று நடைபாதைக் கடையில் 46 பீஸ் சாக்கெட் செட் ஒன்று வாங்கினார். அதில் எல்லாக் கருவியிலும் 'குரோம் வெனேடியம்' என்று பொறித்திருந்தது. முதல் இறுகிய நட்டிலேயே சாக்கெட் பிளந்தது. அடுத்ததில் ராட்செட்டின் பல் தேய்ந்து, இரண்டு பக்கமும் தடையில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. எழுத்தில் மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை. அந்த எழுத்தைப் பொறித்த இரும்பில் சாக்கெட் செய்திருக்கலாமே என்பது அவருடைய தீர்ப்பு. இதில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: ஜலந்தரிலும் லூதியானாவிலும் நல்ல ஸ்பேனர் செய்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி பண்ணுகிறார்கள். உள்ளூரிலேயே கிடைக்கும், விலை மூன்று மடங்கு. நம்மவரும் கடைசியில் அதைத்தான் வாங்கினார்; மலிவான செட் மூன்றை வாங்கி முடித்த பிறகு. மூன்று செட்டுக்குக் கொடுத்த காசில் நல்லதை அப்போதே வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் மனைவி.

அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. கார் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது என்பது பொய். வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு இவர் அடியில் நுழையும்போது சமையலறையிலிருந்து குரல் வரும்.

"ஏங்க, அந்த ஸ்டாண்டு தாங்குமா?"

"மூணு டன்னுன்னு போட்டிருக்கு."

"போட்டுத்தான் இருக்கு."

இந்தச் சந்தேகம் அநாவசியமல்ல. 2020-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக் கடைத் தொடர் லட்சக்கணக்கான ஜாக் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பாரம் ஏறியிருக்கும்போதே பல் விடுபட்டு ஸ்டாண்டு இறங்கிவிடலாம் என்று தெரிந்தது. தொழிற்சாலையின் அச்சுகள் பழசாகிப்போனதைக் காரணமாகச் சொன்னார்கள். வேடிக்கை அதோடு நிற்கவில்லை. திரும்பப் பெற்றதற்குப் பதிலாகக் கிடைத்த ஸ்டாண்டுகளில் ஒரு வகைக்கு வெல்டிங் சரியில்லை என்று அதே ஆண்டில் அவற்றையும் திரும்ப வாங்க நேர்ந்தது. நம்மவர் இதைப் படித்துவிட்டு ஒருவிதச் சந்தோஷத்தோடு வீட்டில் வாசித்துக் காட்டினார். அமெரிக்காக்காரனுக்கும் இதே கதிதான் என்பதில் அவருக்கு ஆறுதல். அம்மாளுக்கு ஆறுதல் ஏற்படவில்லை. அன்றிலிருந்து ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கழற்றிய சக்கரத்தையும் படுக்கவைத்தால்தான் காபி.

பட்டது போதாதென்று பெட்ரோலும் மாறிவிட்டது. பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஹெரால்டு காலத்து ரப்பருக்கு எத்தனால் ஒத்துக்கொள்ளாது. பெட்ரோல் குழாய் இளகும், பம்ப்பின் டயாஃப்ரம் விறைக்கும். புது ரப்பர் போட்டால் தீர்ந்தது என்று ரிப்பேர் கிட் வாங்கினால், அந்தப் புது ரப்பர் பழைய ரப்பருக்கு முன்னால் போய்விடுகிறது.

ஆக, அவருக்குப் புதுச் சாமான் மேல் இருந்த நம்பிக்கை முழுக்கப் போய்விட்டது. மினுமினுத்தால் சந்தேகம். துருப்பிடித்திருந்தால் மரியாதை. புதுப்பேட்டைக்குப் போய், கைகளைக் கட்டிக்கொண்டு, "பாய், பழசா ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார். வண்டிகளை வெட்டிப் பிரித்துப் பிரித்தே தலை நரைத்த பாய், கறுத்துப்போன ஒரு டிஸ்ட்ரிப்யூட்டரைச் சாக்குக்கு அடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைக்கிறார். உள்ளே கம்பெனி ரோட்டார் அப்படியே இருக்கிறது.

"இது அந்தக் காலத்துச் சாமான் சார். வெலை ஜாஸ்தி."

"புதுசைவிட ஜாஸ்தியா?"

"புதுசு என்னத்துக்கு ஆகும்?"

இதைக் கேட்டதும் நம்மவருக்குக் கண் கலங்கிவிடும். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவார். வீட்டில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, நாளிதழில் சுற்றி, தேதி எழுதிப் பரணில் வைப்பார். இந்தச் சாமான்களை வண்டியில் மாட்டுவதில்லை. மாட்டினால் தேய்ந்துவிடுமாம். வண்டியில் ஓடிக்கொண்டிருப்பது ஒரிஜினல் டூப்ளிகேட்தான்.

வாசகர்களில் யாருடைய தாத்தாவாவது ஹெரால்டு வைத்திருந்தால், வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடக்க வாய்ப்பு உண்டு. உள்ளே கறுத்த போல்ட்டுகள், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய கான்டாக்ட் பாயின்ட், அங்குலக் கணக்கு ஸ்பேனர் ஒன்றிரண்டு இருக்கும். வீடு வெள்ளையடிக்கும்போது அதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பேட்டையில் தார்ப்பாய் போர்த்திய கார் எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ, அங்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள். எடை போட வேண்டாம், பேரமும் பேசமாட்டார்.