எரிந்த கட்சி, எரியாத கட்சி, போன் நோண்டுற கட்சி

சண்டை போடாதன்னு நான் சொல்ல மாட்டன் கண்ணு. போடு. நல்லா போடு. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல வண்டிக்கு நிக்கிற நேரத்துல போடு. ஒரகடம் போற கம்பெனி பஸ்ஸுல ஜன்னலோரமா குந்திக்கினு போடு. ராவுல பொண்டாட்டி தூங்கினப்புறம் போர்வைக்குள்ள வெளிச்சம் தெரியாம போடு. கெழவன் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான். உன் எதிராளி இருக்கான் பாரு, அவனை மட்டும் பத்திரமா பாத்துக்கோ. அவன் ஜுரம் வந்து படுத்துட்டான்னா உன் பொழப்பு நாறிப்பூடும்.

சிரிக்காத. "அந்த ஆமை ரெண்டு நாளா ஆளையே காணோம் தாத்தா, போரடிக்குது"ன்னு சொன்னவன் நீதானே? ஆமைன்னா யாருடான்னு கேட்டா, அஜித் ரசிகனாம். விஜய் ரசிகன் நீ அணிலாம். இது இல்லாம சங்கி, உபி, டம்ளர்னு இன்னும் நாலு சாதி இருக்குதாம். சரி, அந்த ஆமை வராத ரெண்டு நாளும் நீ இன்னா பண்ண? சோத்தைப் பெசஞ்சிக்கினு மோட்டுவளையைப் பாத்துகினு இருந்த. கட்டினவ அம்மா வீட்டுக்குப் போனப்பகூட நீ இப்படி வாடல.

நாங்களும் கட்சி கட்டினவங்கதான். நான் எம்ஜிஆரு, என் மச்சான் சிவாஜி. அவன் ஆளு போஸ்டர்ல நான் சாணி அடிப்பன், என் ஆளு போஸ்டர்ல அவன் அடிப்பான். அதுக்கும் ஒரு மெனக்கெடல் இருந்துச்சுடா. மாடு போற வரைக்கும் காத்துனு இருக்கணும், சாணியை அள்ளணும், தண்ணி ஊத்திக் கரைக்கணும், ராவுல நாய்க்குத் தெரியாம செங்கல்பட்டு வரைக்கும் போவணும். அவ்ளோ வேலை இருந்ததால, வாரத்துக்கு ஒருத்தனைத்தான் அசிங்கப்படுத்த முடிஞ்சுது. நீ கட்டை விரலால ஒரு டீ ஆறுறதுக்குள்ள நாப்பது பேரு மூஞ்சியில அடிக்கிற. கையில வாடை கூட இல்ல.

நாங்க அடிச்சிக்கினு கெடந்தப்ப அவங்க ரெண்டு பேரும் இன்னா பண்ணாங்க தெரியுமா? 1954லயே 'கூண்டுக்கிளி'ல ஒண்ணா நடிச்சுட்டுப் போய்ட்டாங்க. அதோட ஒண்ணா நடிக்கல, ஆனா அண்ணன் தம்பியா பழகிக்கினாங்க. உன் ஆளும் அந்த ஆமையோட ஆளும் 1995ல 'ராஜாவின் பார்வையிலே'ல தோள்ல கை போட்டுனு நின்னவங்க. அப்ப நீ பொறக்கவே இல்ல. 2011லயே அஜித் ரசிகர் மன்றத்தைக் கலைச்சுட்டாரு. 2021ல 'தல'ன்னு கூப்பிடாதீங்கன்னாரு. 2024 டிசம்பர்ல 'கடவுளே அஜித்தே'ன்னு கத்தறதை நிறுத்துங்க, உங்க குடும்பத்தைப் பாருங்கன்னு அறிக்கையே வுட்டாரு. அப்புறம் துபாய்க்குக் காரை ஓட்டிக்கினு போய்ட்டாரு. உன் ஆளு 2024 பிப்ரவரியில கட்சி ஆரம்பிச்சு, சினிமாவுக்கே கும்புடுன்னுட்டாரு. ரெண்டு முதலாளியும் கடையைச் சாத்திட்டுப் போனப்புறம் வாசல்ல நின்னுகினு கல்லாவுக்குக் காவல் காக்கற பாரு, உன் விசுவாசத்துக்கு ஒரு சோடா வாங்கித் தரணும்.

இதுல ஒண்ணு மட்டும் எனக்குச் சிரிப்பு வராத சங்கதி. 2023 ஜனவரி 11ஆந் தேதி 'துணிவு'ம் 'வாரிசு'ம் ஒரே நாள்ல வந்துச்சு. விடியறதுக்கு முன்னாடியே கோயம்பேடு பக்கம் தியேட்டர்ல ரெண்டு கட்சியும் ஒருத்தன் பேனரை ஒருத்தன் கிழிச்சுக்கினான். அங்கயே ஒரு பையன் ஓடற லாரி மேல ஏறி ஆடி, குதிச்சு, செத்துப்பூட்டான். அந்தப் பையன் வீட்டுல யாரும் அன்னிக்கு எந்தப் படம் முந்திச்சுன்னு கேட்டிருக்க மாட்டாங்க.

வுடு. லாவணி பாத்திருக்கியா நீ? எங்க பாத்திருக்கப்போற. நான் கும்பகோணம் பக்கம் பொண்ணு எடுத்தவன். மாசி மாசம் காமன் பண்டிகைன்னா மாமனார் ஊருக்குப் போயிடுவன். தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் காலத்துல வந்த ஆட்டம் அது. ஒரு பக்கம் எரிந்த கட்சி, இன்னொரு பக்கம் எரியாத கட்சி. சிவன் நெத்திக்கண்ணைத் தொறந்ததும் மன்மதன் எரிஞ்சுட்டான்னு இவன் பாடுவான். எரியவே இல்லன்னு அவன் பாடுவான். டேப்பு மேளத்தை அடிச்சுக்கினு, கேள்வி மேல கேள்வி, விடிய விடிய. இவன் புராணத்துலேர்ந்து ஒரு முடிச்சு போட்டா அவன் புராணத்துலேர்ந்தே அவுக்கணும். அவுக்கத் தெரியலன்னா உக்காந்துட வேண்டியதுதான். ஜனம் கொட்டாவி வுட்டுக் காட்டும். "நீ எவன்கிட்ட காசு வாங்கின, உன் மூஞ்சைப் பாரு"ன்னு பாட முடியாது. அதுக்குத் தாளம் வராது.

நானும் எத்தனையோ வருஷம் பாத்தன். மன்மதன் எரிஞ்சானா இல்லையான்னு இன்னி வரைக்கும் தீரல. தீர்ந்தா அடுத்த மாசிக்கு யாரு கூப்பிடுவான்? விடிஞ்சப்புறம் பாத்தா, எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் ஒரே திண்ணையில குந்தி இட்லி தின்னுகினு இருக்கும். அடுத்த ஊருக்கும் ஒரே வண்டிதான். இவனுக்குத் தொண்டை கட்டினா அவன் சுக்குக் கஷாயம் வெச்சுத் தருவான். ஏன்னா, இவன் பாடலன்னா அவனுக்கும் கூலி கெடையாது. நீ போடறதும் லாவணிதான்டா, கஷாயம்தான் இல்ல.

நம்ம பக்கத்துலயே ஒரு பழைய சண்டை இருக்குது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில்ல வடகலையா தென்கலையான்னு வெள்ளைக்காரன் காலத்துலயே கோர்ட்டு ஏறினாங்க. கோயில் யானைக்கு எந்த நாமம் போடறதுன்னு வழக்கு சீமை வரைக்கும் போச்சுன்னு எங்க தாத்தா கதை சொல்வாரு. கதையோ நெசமோ, சண்டை நெசம். இப்பவும் உற்சவம்னா சாமிக்கு முன்னாடி யாரு முதல்ல பாடறதுன்னு தள்ளுமுள்ளு. அந்த வீடியோவை நீதானே எனக்குக் காட்டின? நம்ம சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மருக்கு நெத்தியில மூணாவது கண்ணு. அர்ச்சகரு தீபத்தைக் காட்டி, நாமத்தைத் தூக்கினாதான் அது தெரியும். சாமி பாறையோட பாறையா இருக்கறதால சுத்தி வரணும்னா மலையையே சுத்தணும். நான் சுத்திக்கினு வர்றப்ப நெனைப்பன், நாமத்துக்கு அடிச்சுக்கறவன் இங்க வந்தா நாமத்தைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவான், கண்ணைப் பாத்திருக்க மாட்டான்னு.

மொழிச் சண்டைக்கு வருவோம். அதுல நீ சூரன்னு கேள்வி. 2025 மே மாசம் 'தக் லைஃப்' பாட்டு விழாவுல கமல், கன்னட நடிகர் சிவராஜ்குமாரை வெச்சுக்கினே, கன்னடம் தமிழ்லேர்ந்து பொறந்ததுன்னுட்டாரு. பாசமாத்தான் சொன்னாரு. அந்தப் பாசத்துல பெங்களூர் பத்திக்கிச்சு. மன்னிப்பு கேளுன்னு கர்நாடக பிலிம் சேம்பர். கேக்க மாட்டன்னு இவரு. ஜூன் 5 படம் ஊரெல்லாம் வந்துச்சு, கர்நாடகாவுல வரல. அங்க இருக்கற ஹைகோர்ட்டு மன்னிப்பு கேட்டா இன்னான்னு கேட்டுச்சு. டெல்லி சுப்ரீம் கோர்ட்டு, சென்சார் குடுத்த படத்தைக் கும்பல் மிரட்டி நிறுத்த வுடக்கூடாதுன்னு சொல்லிச்சு.

அந்த ஒரு மாசம் நீ தூங்கவே இல்ல. தாய் மொழி, மூத்த மொழி, கல்தோன்றி மண்தோன்றான்னு உருட்டின உருட்டு இருக்குதே! நான் ஒண்ணே ஒண்ணு கேட்டன், நெனப்பு இருக்குதா? "கால்டுவெல் பாதிரியாரு இன்னா சொன்னாரு?"ன்னு கேட்டன். "அவரு நம்ம பக்கம்"ன்ன. புத்தகத்தைப் பாத்தியாடான்னா, மீம்ஸ்ல பாத்தன்ன. கால்டுவெல் 1856ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் போட்டாரு. அதுக்கும் நாப்பது வருஷம் முன்னாடி, 1816லயே, மெட்ராஸ் கலெக்டர் எல்லிஸ் துரை இந்த மொழிங்கள்லாம் தனிக் குடும்பம், சமஸ்கிருதத்துலேர்ந்து வரலன்னு எழுதி வெச்சாரு. மொழி ஆராயறவங்க இன்னிக்குச் சொல்றது, தமிழும் கன்னடமும் ஒரு பழைய மொழியிலேர்ந்து பிரிஞ்ச அக்கா தங்கச்சிங்க, ஒண்ணு வயித்துல ஒண்ணு பொறக்கலன்னுதான். கமல் சொன்னது தப்புன்னு நான் சொன்னதும் நீ என்னையே கன்னடக்காரன்ன. ஏரிக்கரையிலயே பொறந்து ஏரிக்கரையிலயே மாடு மேச்சவன்டா நான்.

அந்தச் சண்டை எப்படி முடிஞ்சுது தெரியுமா? படம் தமிழ்நாட்டுலயே ஓடல. மொழியைக் காப்பாத்தப் பொங்கினவன் எவனும் டிக்கெட் எடுக்கல. கமல் ஜூலையில ராஜ்யசபாவுக்குப் போய்ட்டாரு. நீயும் அந்தப் பெங்களூர்க்காரனும்தான் பாக்கி. அவனாவது நம்ம ஓசூர் தாண்டி இருக்கறவன், ஒரு நாளைக்குப் பாத்துப் பேசலாம். நீ அவனை பிளாக் பண்ணிட்ட.

விமர்சனச் சண்டை வேற. 'கங்குவா' 2024 நவம்பர்ல வந்தப்ப, தியேட்டர் வாசல்ல மைக்கை நீட்டி ஜனத்தைப் பேச வெச்சே படத்தைக் கொன்னுட்டாங்கன்னு தயாரிப்பாளருங்களுக்குக் கோவம். மொத மூணு நாளைக்கு ஆன்லைன்ல யாரும் விமர்சனம் பண்ணக்கூடாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. விமர்சனம் பேச்சுரிமை, பொத்தாம்பொதுவா தடை போட முடியாதுன்னு கோர்ட்டு சொல்லிச்சு. நீ குதிச்ச. குதிக்கறதுக்கு முன்னாடி படத்தைப் பாத்தியா? பாக்கல. பாக்காமலே அஞ்சுக்கு ஒண்ணேகால் மார்க்கு. அந்தக் கால்தான்டா என்னை உறுத்துது. எந்தக் காட்சிக்குக் குடுத்த அத்த?

ஆட்டத்துச் சண்டையைச் சீக்கிரம் முடிச்சுடறன், எனக்கு அதுல ஞானம் கம்மி. பப்ஜி பெருசா, ஃப்ரீ ஃபயர் பெருசான்னு உன் தம்பியும் எதிர்வீட்டுப் பையனும் பேச்சே நிறுத்திக்கினாங்க. 2020 செப்டம்பர்ல சர்க்காரு பப்ஜியைத் தூக்கிச்சு, 2022 பிப்ரவரியில ஃப்ரீ ஃபயரைத் தூக்கிச்சு. அன்னிக்குத்தான் ரெண்டும் சமாதானமாகி ஒண்ணா அழுதுதுங்க. ரம்மி கதை அத்த வுட நீளம். ரம்மியில திறமைதான் பெருசுன்னு சுப்ரீம் கோர்ட்டு 1967லயே சொல்லிச்சு. நம்ம அசெம்பிளி தடைச் சட்டம் போட்டு, கவர்னர் திருப்பியனுப்பி, மறுபடி போட்டு, 2023ல சட்டமாச்சு. அந்த நவம்பர்லயே, சட்டம் சரி, ஆனா ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதுங்களைச் சேக்காதன்னு ஹைகோர்ட்டு சொல்லிச்சு. 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைன்ல காசு கட்டி ஆடறதே கூடாதுன்னு ஒரே போடா போட்டுச்சு. அத்தனை வருஷம் திறமையா அதிர்ஷ்டமான்னு முட்டு குடுத்தவன் பாடுதான் பாவம். திறமைசாலிங்களா இருந்தா எதுக்குடா காதுல கெடந்த கம்மலை அடகு வெச்சீங்க?

இப்ப காசுக்கு வா. லாவணியில காசு ரெண்டு கட்சிக்கும் பங்கு. உன் சண்டையில? ட்விட்டர்காரன் பேரை எக்ஸுன்னு மாத்தின அதே 2023 ஜூலையில, பதிலுங்களுக்கு நடுவுல ஓடுன விளம்பரத்துக்குப் பங்கு தர ஆரம்பிச்சான். 2024 நவம்பர் வரைக்கும் அந்தக் கணக்குதான். யாருக்கு? பதில் போட்ட உனக்கு இல்ல. வாய்க்கொழுப்பா ஒண்ணு எழுதி உன்னைக் கௌப்பி வுட்டான் பாரு, சந்தா கட்டின பெரிய ஆளு, அவனுக்கு. நீ எவ்ளோ வன்மத்தைக் கக்கினியோ அவ்ளோ அவனுக்கு வரவு வந்துச்சு. நீ திட்டத் திட்ட அவன் வீட்டுல உலை கொதிச்சுது. அவனுக்கு நீ எதிரின்னு நெனச்சுக்கினு இருக்க. அவன் கணக்குல நீ சம்பளம் வாங்காத ஆளு.

ஒண்ணு மட்டும் சொல்லிடறன். எல்லாச் சண்டையும் லாவணின்னு நெனச்சுடாத. சாதிப் பேரைச் சொல்லி, இன்னாரு பொண்ணை இன்னாரு பாக்கலாமான்னு எழுதறான் பாரு, அதுல ரெண்டு கட்சியும் ஒரே வண்டியில ஊர் போறதில்ல. ஒருத்தன் எழுதிட்டு ஏசி ரூம்ல தூங்குவான், இன்னொருத்தன் ராவுல தெருவுல நடக்கப் பயப்படுவான். ரெட்டை டம்ளர் வெச்ச டீக்கடையை நான் கண்ணால பாத்திருக்கன். அங்க நின்னு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குதுன்னு சொன்னவனையும் பாத்திருக்கன். அவன் குடிச்சது எந்த டம்ளர்லன்னு மட்டும் பாத்துக்க.

மத்த சண்டைக்கெல்லாம் நம்ம வண்டிதான் வழி காட்டுது. செங்கல்பட்டு லோக்கல்ல ஏறினா பரனூர்லயே எவனாவது ஒருத்தன் ஆரம்பிச்சுடுவான். இளையராஜாவா ரஹ்மானா, இந்தி வேணுமா வாணாமா, கிளாம்பாக்கத்துல பஸ் ஸ்டாண்டு வெச்சவன் உருப்படுவானா. மறைமலை நகர்ல சூடு ஏறும். பொத்தேரியில காலேஜ் பசங்க ஏறி பாதியை அமுக்கிடுவாங்க. கூடுவாஞ்சேரியில கெட்ட வார்த்தை வர்ற மாதிரி இருக்கும், பக்கத்துல பூக்காரம்மா குந்தியிருக்கறதால வராது. தாம்பரம் வந்ததும் பாதி பேரு இறங்கிடுவான். "நாளைக்கு வா, பேசிக்கறன்"னு சொல்லிக்கினே இறங்குவான். மறுநாள் அவனே உனக்கு எடம் புடிச்சு வெச்சிருப்பான். உன் போன்ல தாம்பரம் வரவே மாட்டேங்குது. அதான் உன் வியாதி.

தோ, மறுபடி மினுங்குது பாரு. ஆமை வந்துட்டானா? மூஞ்சில ஒரு களை வருதே உனக்கு! இரு, திட்டாத. நான் சொல்றதைப் போடு. "அண்ணே, ரெண்டு நாளா காணோமே, ஒடம்பு சௌக்கியமா? உங்க ஆளு அடுத்த படம் நல்லா ஓடட்டும்." அவ்ளோதான். புள்ளி வெச்சுடு, சிரிக்கற பொம்மை கிம்மை எதுவும் வாணாம். அனுப்பிட்டியா? இப்ப போய்ப் படு. அவன் நாலு நாளைக்குத் தூங்க மாட்டான். இதுல இன்னா உள்குத்து இருக்குதுன்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அவன் கூட்டத்துக்கெல்லாம் அனுப்பி, பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துக்கினே கெடப்பான்.