ரேழியில் ஒரு ரேஸ் கார்

ஸ்ரீரங்கத்து வீடுகளின் ரேழிக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எதையும் திருப்பித் தராது. கட்டுரையாளர் வீட்டு ரேழியில் பித்தளை அண்டா, தாத்தாவின் டிரங்குப் பெட்டி, கொலுப் பலகைகள், செயின் இல்லாத சைக்கிள் ஆகியவை ஏற்கெனவே நிரந்தரக் குடித்தனம். அதற்கு நடுவே போன தை மாதம் ஒரு பார்சல் லாரியிலிருந்து பதினான்கு சாக்கு மூட்டைகள் வந்து இறங்கின. மூட்டைகளுக்குள் இருந்தது ஒரு மாருதி எஸ்டீம். முழுக் கார் இல்லை. அதிலிருந்து கழற்ற முடிந்ததெல்லாம்.

அனுப்பியவர் மைத்துனர். சென்னைக்காரர். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பல வருஷம் அந்த எஸ்டீமை ஓட்டியவர். ஒரு திருப்பத்தில் வண்டி திரும்பாமல் நேராகப் போக எண்ணியதாலும், வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்ததாலும் ஓய்வு பெற்றார். கூடு நசுங்கிவிட்டது. உள்ளே பற்றவைத்திருந்த ரோல் கேஜ் என்ற இரும்புக் குழாய்க் கூண்டைப் பிரித்தெடுக்க முடியாது என்பதால் கூடும் கேஜும் சேர்ந்தே காயலான் கடைக்குப் போயின. மிச்சத்தைத் திருச்சிக்கு ஏற்றிவிட்டு போன் செய்தார்.

"அத்திம்பேர், சென்னை ஃபிளாட்ல எடமே இல்ல. உங்காத்து ரேழி நல்ல நீளம். ரெண்டே மாசத்துல வித்துடலாம். உங்களுக்குப் பத்து பர்சென்ட்."

கட்டுரையாளருக்குக் காரைப் பற்றித் தெரிந்தது, சாவியைத் திருப்பினால் கிளம்பும் என்பது மட்டும். ஆனால் பத்து பர்சென்ட் என்ற சொல்லுக்கு ஒரு வசீகரம் இருக்கிறது.

விற்பதற்கு முன்பே வீடு அந்தக் காரைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. பந்தய வண்டியில் கண்ணாடி கனம் என்று எடுத்துவிட்டு பாலிகார்பனேட் தகடு போடுவார்களாம். பின்பக்கத் தகடு மாசி வெயிலில் மொட்டை மாடிக்குப் போய், ஜவ்வரிசி வடாம் தாங்கியது. ஒட்டவே இல்லையாம், அம்மாவுக்கு அந்தத் தகட்டின் மேல் வந்த மரியாதை மைத்துனர் மேல் என்றைக்கும் வந்ததில்லை. டயர்கள் நான்கும் அடுக்கப்பட்டு, பூக்காரம்மா கூடையை இறக்கி வைக்கும் மேடையாயின.

மாமனார் சித்திரைத் தேருக்கு வந்தவர், பக்கெட் சீட்டைப் பார்த்ததும் அதில்தான் உட்காருவேன் என்று உட்கார்ந்தார். இளமையில் அவர் சோழவரம் பார்த்தவர். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடத்திய பந்தயங்களுக்குக் கட்டுச்சாதத்தோடு போனவர். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அங்கே ஓட்டிய என்சைன் காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் காபி ஆறிவிடும். ஃபார்முலா ஒன்னில் ஓடி முடித்த கார் அது. "அதுவும் பழசுதான். வெள்ளைக்காரன் கழிச்சுக் கட்டினதைத்தான் நாம ஆன்னு பார்த்தோம்" என்று முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. திருப்பத்தில் ஓட்டுநர் பக்கவாட்டில் நகராமல் இருப்பதற்காக இடுப்பையும் தோளையும் கவ்விப் பிடிக்கும்படி செய்த இருக்கை அது. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோது சீட்டும் கூடவே வந்தது.

இனி தாமதிக்க முடியாது என்று வீட்டம்மாள் தீர்ப்புச் சொன்னார். "ஏன்னா, நவராத்திரிக்குள்ள இதெல்லாம் போகலைன்னா நான் பிறந்தாத்துக்குப் போயிடுவேன்." பிறந்த வீட்டிலிருந்துதான் இதெல்லாம் வந்தது என்பதைக் கட்டுரையாளர் நினைவூட்டவில்லை.

முதலில் வந்தவர் பழைய இரும்பு எடுப்பவர். அவர் ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தார். தூக்கத் தூக்க முகம் வாடிக்கொண்டே போனது.

"சாமி, அலுமினியம் நல்ல விலைதான். ஆனா இதுல பாதிக்கு மேல ஓட்டை போட்டு வச்சிருக்கீங்களே. எடை நிக்கலயே."

இங்கேதான் கட்டுரையாளருக்குப் பந்தயத்தின் பொருளாதாரம் புரிந்தது. உதாரணத்துக்கு ஃப்ளைவீல். எஞ்சினோடு சுற்றும் கனமான இரும்பு வட்டு. கனமாக இருப்பதால்தான் சாதாரண கார் குலுங்காமல் நகர்கிறது. பந்தயக்காரருக்கோ எஞ்சின் சட்டென்று வேகம் எடுக்க வேண்டும். ஆகவே மைத்துனர் லேத்துப் பட்டறைக்குப் பணம் கொடுத்துக் கிட்டத்தட்ட இரண்டு கிலோவைச் சீவி எடுத்தார். சீவச் சீவ விலை ஏறியது. இப்போது அதே ஃப்ளைவீலைத் தராசில் வைத்தால், அந்த இரண்டு கிலோவுக்கு உண்டான காசு குறைகிறது. சீவியதற்கும் செலவு, சீவியதாலும் நஷ்டம். கதவுப் பிடி, பிராக்கெட், பெடல் எல்லாமே இந்தக் கதைதான். இல்லாத எடைக்குத்தான் மைத்துனர் இத்தனை வருஷம் சம்பாத்தியத்தைக் கொட்டியிருக்கிறார். இருப்பதை விற்கலாம்; இல்லாததை ஸ்ரீரங்கத்தில் யாரிடம் விற்பது?

விளம்பரம் எழுதுவதிலும் அதே சிக்கல். சாதாரணமாகப் பழைய சாமான் விற்பவர், 'சத்தமே வராது, சொகுசாக இருக்கும், டாக்டர் ஓட்டிய வண்டி' என்று எழுதுவார். இங்கே உண்மையை எழுதினால் எல்லாம் குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. கியர்ப் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. வீட்டுக் காரில் சாய்வாக வெட்டியிருப்பதால் பல்லோடு பல் மெதுவாகச் சேர்ந்து ஓசைப்படாது, இது ஊளையிடும். கேம்ஷாஃப்ட் மேல்சுற்றில்தான் உயிர் பெறும். சிக்னலில் நின்றால் எஞ்சின் குளிர்ஜுரம் வந்தாற்போல நடுங்கும். ஸ்பிரிங் படு விறைப்பு, மாம்பழச்சாலையிலிருந்து ராஜகோபுரம் வருவதற்குள் இடுப்பு தனியாக வரும். பிரேக் பேடு சில நூறு டிகிரிக்குச் சூடேறினால்தான் சரியாகப் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது பிடிக்காது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பவரிடம், பந்தய எஞ்சினுக்கு ஓடிய மணிதான் கணக்கு என்று சொன்னால் ஏமாற்றுக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்.

டயர் இன்னும் மோசம். பந்தயத்துக்கான ஸ்லிக் டயரில் கோடே இருக்காது. காய்ந்த தடத்தில் எவ்வளவு ரப்பர் தரையில் படுகிறதோ அவ்வளவு பிடிப்பு என்பதால் வழவழவென்றுதான் வார்ப்பார்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒவ்வொரு முறையும் ரப்பர் இறுகிக்கொண்டே போகும். இதை வயலூர் ரோடு மெக்கானிக் ஒருவரிடம் பத்து நிமிஷம் விளக்கிய பிறகு அவர் டயரைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: "சுத்தமா மொட்டையாயிடுச்சு சார். இதுக்குப் போயி காசு கேக்குறீங்களே."

தில்லை நகர் இளைஞர் ஒருவருக்கு சைலன்சர் மட்டும் வேண்டும். சைலன்சர் என்ற பெயரே அந்தக் குழாய்க்குப் பொருந்தாது என்பது வேறு விஷயம். தன் பழைய எஸ்டீமில் மாட்டிக்கொண்டு ராத்திரி காவேரிப் பாலத்தில் ஒரு தடவை போக வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. கட்டுரையாளர் பயந்தார். 1976-இல் திறந்த பாலம். பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் மூடித் திறந்ததே பெரிய பாடு. பாலம் தாங்கினாலும் சட்டம் தாங்காது. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இதையெல்லாம் கட்டுரையாளர் ஒப்பிக்க, இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்க விக்கிறீங்களா, பயமுறுத்துறீங்களா?" என்றார்.

போனில் வருபவர்கள் வேறு ரகம். 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் கார் பந்தயம் என்றால் ஒரே கேள்விதான்.

"சார், தல ஓட்டின வண்டியா?"

"இல்லப்பா. என் மச்சினன் ஓட்டினது."

மறுமுனையில் சத்தம் இருக்காது.

கேள்வியில் தப்பில்லை. மைக்கேல் ஷூமாக்கர் 2001-இல் மொனாக்கோவில் ஜெயித்த ஃபெராரியை 2017-இல் நியூயார்க்கில் ஏலம் விட்டபோது 75 லட்சம் டாலருக்குப் போனது. ஃபாஞ்சியோவும் மாஸும் ஓட்டிய மெர்சிடிஸ் டபிள்யூ 196 ஒன்று 2025 பிப்ரவரியில் ஷ்டுட்கார்ட்டில் 5.1 கோடி யூரோவைத் தாண்டியது. உட்கார்ந்தவர் யார் என்பதற்குத்தான் விலை. மைத்துனரின் ஆகச் சிறந்த சாதனை ஏழாவது இடம். அன்றைக்கு ஓடி முடித்தவை எட்டு வண்டிகள்.

உண்மையான வாடிக்கையாளர்கள் பொறியியல் கல்லூரி மாணவர்கள்தான். கோவை செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குத் தாங்களே கார் செய்கிறவர்கள். ஃபார்முலா மாருதி என்று 800 எஞ்சினில் ஒற்றை இருக்கைக் கார் செய்து, நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பந்தயத்தை எட்டும் தூரத்தில் கொண்டுவந்த கரிவரதன் பெயரில் அமைந்த தடம் அது. 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். நம்மூர் வண்டியின் எஞ்சினை வைத்து அவர் செய்த வேலையைத்தான் இந்தப் பையன்களும் செய்கிறார்கள். 373 சிசி கேடிஎம் பைக் எஞ்சின், அது மூச்சு விடும் வழியில் விதிப்படி 20 மில்லிமீட்டர் துளை, மற்றதெல்லாம் கடன்.

ஐந்து பேர் வந்தார்கள். ஸ்டீயரிங்கைப் பட்டென்று கழற்றும் குயிக் ரிலீஸ், மின்சாரத்தை மொத்தமாக வெட்டும் கில் ஸ்விட்ச், ராட் எண்டுகள் ஒரு டஜன். சாமானைத் தொட்டவுடன் பெயர் சொன்னார்கள். கட்டுரையாளருக்கே பாதி சாமானுக்கு அன்றுதான் பெயர் தெரிந்தது. விலை என்று வந்ததும் மட்டும் குரல் உடைந்தது. "சார், ஸ்டூடண்ட்ஸ் சார். ப்ராஜெக்ட் சார்." பாதி விலைக்கு இறங்கினார். அதையும் ஐந்து போனிலிருந்து ஜிபேயில் பிரித்துப் பிரித்து அனுப்பினார்கள். ஒருவன் அனுப்பியது 37 ரூபாய். போதாக்குறைக்கு அம்மா அவர்களை உட்காரவைத்துப் புளியோதரையும் தயிர் சாதமும் போட்டார். அன்றைய கமிஷனில் அரிசி, புளிக் கணக்கைக் கழித்தால் வீட்டுக்கு நஷ்டம்.

கடைசியாக வந்தவர் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் வெர்னியர் காலிப்பர். கார் ஏதும் அவரிடம் இல்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார். கேம்ஷாஃப்ட்டை ரேழி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி அளந்தார். பிரேக் பேடைப் பார்த்ததும் பேச்சுத் திருவாரூருக்குப் போய்விட்டது. அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரமும் 300 டன் எடையும் சொல்லப்படும் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்துகொடுத்தது திருச்சி பெல்தான். "அதுக்கு முன்னாடி முட்டுக்கட்டைதான் சார். உங்க ஊர் சித்திரை வீதியில பார்த்திருப்பீங்களே. கட்டையைச் சக்கரத்துக்கு அடியில செருகுறவன் கைதான் பிரேக்கு, அவன் கைதான் ஸ்டீயரிங்கு. ஒரு விரற்கடை தப்பினா தேர் வீட்டுத் திண்ணையில ஏறிடும்."

பிறகு ஃப்ளைவீலை எடுத்தார். விளிம்பில் விரலை ஓட்டினார். கண்ணை மூடி இன்னொரு தடவை ஓட்டினார்.

"யாரு சார் இதை டர்ன் பண்ணது? நல்ல கை."

சொன்ன விலையைக் குறைக்காமல் எண்ணி வைத்துவிட்டு, துண்டில் சுற்றி எக்ஸெல்லின் முன்னால் வைத்துக்கொண்டு போனார். அவர் வீட்டுத் துளசித் தொட்டிக்கு அடியில் அது இப்போது இருப்பதாகக் கேள்வி. தொட்டி ஆடுவதில்லையாம்.

சீட் பெல்ட்டை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அறுபட்டுப்போனதாகத் தெரியவில்லை, பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் சர்வதேச விதிப்படி பந்தய பெல்ட்டுக்குத் தயாரித்த வருஷத்திலிருந்து ஐந்து வருஷம்தான் ஆயுள். மருந்துச் சீசா மாதிரி லேபிளிலேயே தேதி தைத்திருக்கிறது. வெயிலும் வியர்வையும் பட்ட நாடா ஒரு நாள் இழுபடும்போதுதான் தன் வயதைச் சொல்லும். கேட்டு வந்தவர்களிடம் கட்டுரையாளர் இல்லையென்றே சொன்னார். ஹெல்மெட்டுக்கும் அதே பதில். பெல்ட் கொலுப் பலகைகளைக் கட்டிவைக்கப் போய்விட்டது. மரப்பாச்சிக்கு அந்தப் பாதுகாப்பு போதும்.

ஆடி பிறந்தது. ஸ்ரீரங்கத்து ஆடிக்காற்றுக்கு வாசல் கதவு, ரேழிக் கதவு, கொல்லைக் கதவு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அறையும். வீடே தவில் கச்சேரி. ஒரு நாள் காலையில் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால், மூன்று கதவுக்கும் அடியில் ஒவ்வொரு பிரேக் பேடு செருகியிருந்தது. நாலாவது, கேஸ் சிலிண்டர் நகராமல் இருக்க.

அன்று சாயங்காலமே கோவையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பேடு செட்டாக வேண்டும், கேட்ட பணம் தருகிறேன், கூரியர் செலவும் தன்னுடையதே என்றார். ஆறேழு மாதத்தில் பேரம் பேசாமல் வந்த இரண்டாவது ஆள். கட்டுரையாளர் போனைப் பொத்திக்கொண்டு உள்ளே கேட்டார்.

"ஆவணி பொறந்து கூப்பிடச் சொல்லுங்கோ" என்று பதில் வந்தது.