கல்யாண வீடியோக் கோப்புகளின் வம்சாவளி: லூபோக் சீனாவை முன்வைத்து ஓர் ஆய்வு

மலாக்கா மாநிலத்து அலோர் காஜா மாவட்டத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிய சிற்றூர் லூபோக் சீனா. இத்தகைய ஊர்களின் கோயில், தோட்டம், பள்ளி பற்றியெல்லாம் எழுதிய அறிஞர்கள், கல்யாண வீடியோக்காரரின் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஏனோ திறந்து பார்க்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

கருதுகோள் இது: கோப்புக்குப் பெயர் வைப்பது எடிட்டர் அல்லர், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும்தான். முதலில் 'ஃபைனல்' பிறக்கிறது. தாய்மாமன் மாலை போட்டது எங்கே என்று போன் வருகிறது, 'ஃபைனல் 2'. நாத்தனார் முகம் கறுத்துத் தெரிகிறதாம். 'ஃபைனல் 2 கலர்'. பாட்டை மாற்றச் சொல்கிறார்கள், 'ரியல் ஃபைனல்'. கடைசியில் பெரியப்பா வாய் திறக்கிறார். 'ரியல் ஃபைனல் இதுதான்'. ஒரு குடும்பத்தில் யார் சொல் எடுபடும் என்றறிய சமூகவியலாளர் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டாம், இந்த ஃபோல்டர் போதும்.

கேமராவுக்கு இந்தத் தாட்சண்யம் கிடையாது. 1998இல் ஜப்பானில் வகுத்த விதிப்படி, டிசிஐஎம் ஃபோல்டருக்குள் போகும் படத்துக்கு நான்கு எழுத்து, நான்கு இலக்கம். 9999க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. சோனி கேமரா வீடியோவுக்கு சி0001 என்று தொடங்கும். மேடைக்கு இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரண்டு கேமரா வைத்தால் இரண்டு கார்டிலும் சி0001 இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது, பழையதை மாற்றிவிடவா என்று கணினி மரியாதையாகக் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' என்று தட்டினால், இடப்புறத்திலிருந்து எடுத்த தாலிகட்டு போயே போய்விடும்.

கோப்ரோ கேமராவின் குணம் வேறு. நீண்ட காட்சியைத் துண்டுபோடும். துண்டு எண்ணை முன்னாலும் காட்சி எண்ணைப் பின்னாலும் எழுதும். ஜிஎக்ஸ்010034இன் தொடர்ச்சி ஜிஎக்ஸ்020034. பெயர்வரிசையில் பார்த்தால் மாப்பிள்ளை அழைப்பின் பிற்பாதி, பந்தி முடிந்த பிறகு வந்து நிற்கும்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 1998இல் பிக்சாரில் யாரோ தட்டிய ஒரு கட்டளையால் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி அழிந்தது, பேக்அப்பும் கைகொடுக்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றி வந்தார்கள். 'ரியல் ஃபைனல்' பெண்ணின் அத்தை வீட்டுப் பென்டிரைவில் பத்திரமாக இருப்பதும் இதே மரபுதான்.

பரிகாரம் சுலபம். தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை எழுதியதுபோல் தேதியிலிருந்து தொடங்க வேண்டும்: ஆண்டு, மாதம், நாள். 1988இன் ஐஎஸ்ஓ 8601 தரமும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. அப்படி எழுதினால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். உள்ளே கேமராவுக்கு ஒரு ஃபோல்டர், ஒலிக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, வெளியே கொடுப்பதற்கு ஒன்று.

இதை எடிட்டர்கள் கேட்பதாகத் தெரியவில்லை. வாட்ஸ்அப் கேட்டிருக்கிறது. 'ரியல் ஃபைனல் இதுதான்' அதன் வழியாகச் சம்பந்தி அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் இறங்கியதும் பழைய பெயரெல்லாம் உதிர்ந்து, விஐடி என்ற முன்னொட்டுடன் ஆண்டு, மாதம், நாள், வரிசை எண் என ஒழுங்காக அமர்ந்துகொள்கிறது. ஆனால் அது கல்யாணத் தேதி அல்ல, வீடியோ வந்து சேர்ந்த தேதி. எடிட்டர் எத்தனை மாதம் இழுத்தடித்தார் என்று கணக்குப் பார்க்க அந்த அம்மாவுக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.