உரசற்காப்பியம்: பெரிய டயரும் சிறிய மட்கார்டும்

பாயிரம்

பிக்கப் வண்டி வாங்கியவர் முதலில் செய்வது டயரைப் பெரிதாக மாற்றுவது. அடுத்துச் செய்வது, மாற்றிய டயர் எங்கே உரசுகிறது என்று தரையில் படுத்துத் தேடுவது. இவ்விரு காரியங்களுக்கும் இடையே டயர்க் கடைகளிலும் டிங்கர் பட்டறைகளிலும் பெரும் அறிவுச் செல்வம் ஒன்று புழங்குகிறது. அத்தனையும் வாய்மொழி. அதை முறைப்படுத்தி, தொல்காப்பியர் காட்டிய நெறியில் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக வகுத்துரைப்பதே இவ்வாய்வின் நோக்கம். இதனால் ஆகும் பயன் யாதெனின், ஒரு மட்கார்டாவது பிழைக்கும் என்க.

ஆய்வுக்குரிய வண்டி இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ். 2016 முதல் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆலையில் இருந்து வருவது. முன்னே டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், பின்னே லீஃப் ஸ்பிரிங். சுமை ஏற்றப் பிறந்த வண்டி. நம் ஊரில் அதில் ஏறுவது பெரும்பாலும் குடும்பமும் ஒரு கூடாரமும்தான்.

எழுத்ததிகாரம்

டயரின் பக்கச்சுவரில் பொறித்த எழுத்துகளை ஆராய்வது இவ்வதிகாரம். வி-கிராஸின் 18 அங்குல டயரில் 255/60 ஆர்18 என்றிருக்கும். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் விழுக்காட்டில். ஆர் என்பது ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரிக்குள் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று அளவைகளைப் புகுத்திய புலவர் யார் என்பது ஆய்வுக்கு அப்பாற்பட்டது. அவர் மட்கார்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் போனார் என்பது மட்டும் தெளிவு.

கணக்கைப் பார்ப்போம். 255-இல் 60 விழுக்காடு 153 மி.மீ. மேற்சுவரும் கீழ்ச்சுவருமாக 306. 18 அங்குல ரிம் 457.2. ஆக மொத்த விட்டம் 763.2 மி.மீ. இனி, வீரம் மிக்க ஒருவர் அதே ரிம்மில் 285/60 ஆர்18 மாட்டுகிறார் என்று கொள்வோம். சுவர் 171, இரண்டும் சேர்ந்து 342, விட்டம் 799.2. விட்டத்தில் 36 மி.மீ. கூடிவிட்டது. டயர் தன் அச்சைச் சுற்றி எல்லாத் திசையிலும் 18 மி.மீ. வளர்ந்திருக்கிறது. அகலத்தில் கூடிய 30-இல் 15 உள்ளே போகிறது, 15 வெளியே வருகிறது. வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரிவது அந்த 36 மட்டுமே. பம்பர் மூலைக்குத் தெரிவது 18. உள்ளிருக்கும் ஸ்டெபிலைசர் பாருக்குத் தெரிவது 15.

இங்கே ஒரு கிளை இலாபமும் உண்டு. டயர் 4.7 விழுக்காடு பெரிதானதால், ஸ்பீடோமீட்டர் பழையபடியே எண்ணிக்கொண்டிருக்க வண்டி கணக்குப்படி அதைவிட அவ்வளவு வேகம் கூடுதலாக ஓடும். ஓடிய கிலோமீட்டரும் குறைத்தே பதிவாகும். விற்கும் காலத்தில் இதைச் சிலர் நற்பேறு என்பர். வேகக் கேமரா அவ்வாறு கருதுவதில்லை.

டயரும் உடலும் சேரும் புணர்ச்சிக்குப் பள்ளி இலக்கணம் சொல்லும் மூன்று விகாரங்களும் பொருந்தும். முதலில் டயரின் தோளில் ஒரு பளபளப்புக் கோடு தோன்றும்: தோன்றல். பிறகு மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர் வளைந்து நெளியும்: திரிதல். கடைசியில் லைனரின் கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போகும்: கெடுதல்.

சொல்லதிகாரம்

உரசல் ஓசை மூவகைப்படும். லைனரில் படுவது "ஸ்ர்ர்" என்று மென்மையாக ஒலிக்கும். மட்ஃபிளாப்பில் படுவது "தப் தப்" என்று தாளம் போடும். இரும்பில் படுவது "க்ரக்" என்ற வல்லோசை. மெல்லினத்துக்கு அவசரமில்லை. வல்லினம் கேட்டால் அங்கேயே வண்டியை நிறுத்த வேண்டும்.

இவ்வோசையை ஒட்டி எழும் மனித மொழியும் ஆய்வுக்குரியதே. பக்கத்து இருக்கையில் இருந்து, "என்னங்க, எதுவோ தேயுற மாதிரி இருக்கே?" என்று வினா எழும். "கல்லு மாட்டியிருக்கும்" என்பது விடை. அது வினாவுக்கு மறுமொழி அன்று, வினாவை முடிக்கும் உத்தி. டயர்க் கடையிலோ, "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்பார்கள். அற்றேல் அது பொய்யோ எனின், அன்று. டயர் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே செதுக்கிக்கொள்ளும். செதுக்கப்படுவது பம்பரா டயரா என்பதை மட்டும் அவ்வாக்கியம் சொல்லாமல் விடுகிறது.

பொருளதிகாரம்

பொருள் அகம், புறம் என இரண்டு. அகவுரசல் சேஸிஸ், அப்பர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார், பிரேக் ஹோஸ் ஆகியவற்றோடு நிகழ்வது. வெளியே தெரியாது, ஆகவே ஆபத்து மிக்கது. புறவுரசல் பம்பர் மூலை, ஃபெண்டர் விளிம்பு, மட்ஃபிளாப் ஆகியவற்றோடு நிகழ்வது. ஊருக்கே தெரியும், ஆகவே அவமானம் மிக்கது.

இதன் முதற்பொருள், அதாவது நிலமும் பொழுதும்: அடுக்குமாடியின் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும் பொழுது, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், நிறைசுமையோடு, வளைவிலேயே ஒரு குழியில் சக்கரம் இறங்கும் பொழுது. கருப்பொருள்: சாக்பீஸ், ஹீட் கன், உதிரிக் கிளிப். உரிப்பொருள்: இரங்கல்.

சாக்பீஸ் எதற்கெனின், நோய் நாடுவதற்கு. இரு முன் டயர்களின் தோளிலும் உள்விளிம்பிலும் சாக்பீஸைக் கனமாகப் பூச வேண்டும். ஸ்டியரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் ஒடித்து முன்னும் பின்னும் மெல்ல நகர்த்த வேண்டும். பிறகு ஒரு முன் சக்கரத்தை மட்டும் சாய்தளத்தில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் மீண்டும் ஒடிக்க வேண்டும். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே உரசல். இம்முறையின் சாரத்தை ஆய்வாளர் ஒரு நூற்பாவாக யாத்துள்ளார்:

நின்றுழி அளந்தது அளவன்று, ஒடித்து
அமுக்கி அளந்ததே அளவு.

மரபியல்

உரசல் தீர்ப்போர் ஐந்து பள்ளியினர்.

முதலாமவர் ஏற்றர். இரண்டு அங்குலம் லிஃப்ட் கிட் போட்டால் தீரும் என்பது இவர் கொள்கை. அது பொருந்தாது. வண்டி நிற்கும்போது இடைவெளி கூடும் என்பது மெய்தான். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது டயர் எவ்வளவு மேலே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப். அதை மாற்றாதவரை, குழியில் இறங்கிய டயர் பழைய இடத்துக்கே வந்து சேரும்.

இரண்டாமவர் தள்ளர். ஸ்பேசர் போட்டோ, ஆஃப்செட் குறைந்த ரிம் மாட்டியோ சக்கரத்தை வெளியே தள்ளுவர். அகவுரசல் தீரும். ஒடிக்கும்போது டயர் சுழலும் வட்டம் பெரிதாவதால் பம்பரிலும் ஃபெண்டரிலும் புறவுரசல் பிறக்கும். வீல் பேரிங்கின் மேல் சுமையும் கூடும்.

மூன்றாமவர் ஒடியாதார். ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டைச் சற்று வெளியே திருகிவிட்டு, சக்கரம் முழுக்க ஒடியாதபடி செய்வர். உரசல் தீரும், வண்டி திரும்ப வேண்டிய வட்டம் பெரிதாகும். ஒரே மூச்சில் எடுத்த யூ-டர்ன் இனி மூன்று தவணையில் முடியும்.

நான்காமவர் சாய்ப்பர். வீல் அலைன்மென்ட்டில் காஸ்டரைக் கூட்டினால் சக்கரம் சில மில்லிமீட்டர் முன்னே நகரும். பின்பக்க லைனருக்கு மூச்சு வரும். முன்பக்கப் பம்பருக்கு மூச்சு முட்டும். உரசல் சிறிதாயின் இது அழகிய மருந்து. பெரிதாயின் போதாது.

ஐந்தாமவர் வெட்டர். மட்ஃபிளாப்பைக் கழற்றுவர், ஹீட் கன்னால் லைனரை இளக்கிப் பின்னே தள்ளிக் கிளிப் போடுவர், பம்பரின் பிளாஸ்டிக் மூலையைச் சீவுவர். ஐவருள் நேர்மையானவர் இவரே: இடம் போதவில்லை என்பதை ஒப்புக்கொண்டு இடம் உண்டாக்குகிறார். ஆயினும் இரும்பைத் தட்டினாலோ வெட்டினாலோ அன்றே பிரைமரும் பெயின்டும் பூச வேண்டும். தவறினால் உரசல் போய்த் துரு வரும்.

முடிபு

சட்டமும் ஒரு பள்ளியே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களில் இருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் டயர் அளவைப் படிக்கத் தொடங்கினால் எழுத்ததிகாரம் மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

ஆகவே துணிபு இது. பிளாஸ்டிக்கில் லேசாக உரசினால், மட்ஃபிளாப், லைனர், அலைன்மென்ட் என்ற வரிசையில் செலவு குறைந்ததில் இருந்து தொடங்குக. இரும்பிலோ பிரேக் ஹோஸிலோ உரசினால் டயரைக் கழற்றுக. ரேடியல் டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. ஆசை அடங்காதவர் 265/60 ஆர்18-ஐ எண்ணிப் பார்க்கலாம்: விட்டம் 775.2, சுற்றிலும் 6 மி.மீ. மட்டுமே கூடுதல், பக்கத்துக்கு 5. எந்த அளவாயினும், நான்கு டயருக்கும் பணம் கட்டுமுன் முன்னே ஒன்றை மட்டும் மாட்டச் சொல்லி, ஒடித்து, ரிவர்ஸ் எடுத்து, ஒரு சாய்தளத்தில் ஏற்றிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், மட்கார்டு உங்களுடையது.