காசு உள்ளே, நீங்கள் வெளியே

ஊருக்குப் போகும் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் வரை போக 10 ரூபாய். இரண்டு மணி நேரம் நிற்கலாம். ரயில் மூன்று மணி நேரம் லேட்டா? அது ரயிலின் சொந்த விஷயம். நீங்கள் இன்னொரு டிக்கெட் எடுங்கள். கூட்டத்தைக் குறைக்கிறோம் என்று 2021-இல் மும்பையில் இந்த பிளாட்பாரம் டிக்கெட்டையே 50 ரூபாய் ஆக்கினார்கள். பண்டிகைக் காலம் என்று 2022 அக்டோபரில் சென்னையில் 20 ஆக்கினார்கள். பத்து ரூபாய்க்குப் பொங்கும் பாசம் இருபது ரூபாய்க்கு அடங்கிவிடும் என்பது கணக்கு.

டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டீர்களா? ரயில்வே சட்டத்தின் 138-ஆம் பிரிவு காத்திருக்கிறது. கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஏமாற்றும் எண்ணம் என்றால் 137. ஆறு மாதம் வரை கம்பி எண்ணலாம். நியாயம்தான், ஓசிப் பயணத்துக்கு இங்கே யாரும் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் தலைவரை வரவேற்க மேளதாளத்தோடு ஸ்டேஷன் வாசலில் நுழையும் படையிடம் பிளாட்பாரம் டிக்கெட் கேட்கும் டி.டி.ஆர். இன்னும் பிறக்கவில்லை. மெட்டல் டிடெக்டர் எல்லோரையும் பார்த்துக் கீச்சிடுகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் செல்போனிலிருந்து தலை நிமிர்வதில்லை.

2025 பிப்ரவரி 15. புது டெல்லி ஸ்டேஷன். கும்பமேளாவுக்குக் கிளம்பிய கூட்டம் நெரிந்து 18 பேர் செத்தார்கள். அடுத்த மாதமே தீர்வு வந்தது. 60 ஸ்டேஷன்களில், கன்ஃபர்ம் டிக்கெட் இருந்தால்தான் பிளாட்பாரத்துக்குள் விடுவார்களாம். வெயிட்டிங் லிஸ்ட்காரர்கள் வெளியே உட்கார வேண்டும். ஆக, குற்றவாளி பயணி. அன்ரிசர்வ்டு டிக்கெட்டை அள்ளி அள்ளி விற்ற கவுன்டர் யாருடையது? அதை மட்டும் கேட்கக்கூடாது.

அதே 1989-ஆம் வருஷ ரயில்வே சட்டத்தில் 57 என்றொரு பிரிவு இருக்கிறது. ஒரு பெட்டியில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று ரயில்வே நிர்ணயிக்க வேண்டும். அந்த எண்ணிக்கையைக் கண்ணில் படும்படி பெட்டியில் எழுதியும் வைக்க வேண்டும், வட்டார மொழி உட்பட. எழுதி வைத்திருக்கிறார்கள். 90 என்று எழுதிய பெட்டியின் கக்கூஸுக்குள்ளேயே நாலு பேர் நின்றுகொண்டு வருகிறார்கள். நாலு பேரிடமும் முழு டிக்கெட் இருக்கிறது. டி.டி.ஆர். அங்கே வருவதில்லை. வர வழி இல்லை. இதற்காக எந்தப் பொது மேலாளர் 250 ரூபாய் கட்டினார்?

ரிசர்வேஷன் கேட்டவர் கதை இன்னும் அழகு. இடம் கிடைக்கவில்லை என்றால் ஆளுக்கு 60 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இடம் கொடுக்காததற்கும் கூலி!

நெரிசலுக்குப் பிறகு டெல்லி உயர் நீதிமன்றம் 57-ஆம் பிரிவைக் காட்டி, அளவுக்கு மேல் ஏன் டிக்கெட் விற்கிறீர்கள் என்று கேட்டது. உயர் மட்டத்தில் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. சட்டம் வந்து 36 வருஷம் கழித்துப் பரிசீலனை. டிக்கெட் இல்லாத பயணி மட்டும் உடனே, அங்கேயே கட்ட வேண்டும்.